உப்பு பாக்க ஒரு ஆள்

வாங்க மாஸ்டரே, இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேண்டாம், அது ஆடும். அரிசி மண்டிக்காரர் காலையிலயே போன் போட்டுச் சொல்லிட்டாவ. மார்த்தாண்டத்துலேருந்து சரக்கு மாஸ்டர் ஒருத்தர் வாராரு, கொழம்பும் கூட்டும் அவர் கையில பிரமாதம், பேசி முடிச்சுக்கிடுங்கன்னு. பேசுவோம். ஆனா மொதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்தோட ஒருத்தரை உக்கார வச்சுச் சம்பளம் பேசுத பழக்கம் எனக்குக் கெடையாது. கையக் கழுவிட்டு வாங்க, இலை போடச் சொல்லுதேன்.

சொல்லுதேன்னு வாய்தான் சொல்லுது. சொல்லுததுக்கு இப்ப ஆளு யாரு இருக்கா? நானேதான் போடணும். வெளம்புததும் நானேதான். போன வைகாசி வரைக்கும் இந்தத் தவசி மெஸ்ல நான் கல்லாவ விட்டு எந்திரிச்சதில்ல. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல எறங்குனவன் எவன்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, மத்தியானச் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்னா நம்ம கடையத்தான் கைகாட்டுவான். இப்பவும் கைகாட்டுதான். என்ன சொல்லிக் கைகாட்டுதான்னுதான் தெரியல.

சாம்பாரு போதுமா? அவரைக்காப் பொரியல் இந்தா இருக்கு. மீன் இன்னைக்கு எடுக்கல, எடுத்தா திங்க ஆளு வரணும்லா. பெசஞ்சு ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு உப்பு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. ஏன் கேக்கேன்னு பொறவு சொல்லுதேன். மெதுவா சாப்பிடுங்க. கூட்டம் வந்து இடிக்கப் போறதில்ல.

அந்தா கொழாயடியில உக்காந்திருக்காள்லா, அவதான் முப்பிடாதி. காய் நறுக்குவா, பாத்திரம் வெளக்குவா, இலை எடுப்பா. கடை தொறந்த நாள்லேருந்து இருக்கா. அவ மடியில இருக்க தூக்குச்சட்டியப் பாத்தியளா? வீட்லேருந்து கொண்டாந்த பழைய சோறு. இங்கன அண்டா நெறைய சோறு கெடக்கு, அவ தூக்குச்சட்டியத் தொறந்து வச்சுத் தின்னுக்கிட்டு இருக்கா. இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணும்? முதலாளி சோறு போட மாட்டேங்கான், இல்லன்னா சோத்துல என்னமோ கோளாறுன்னுதானே தோணும்? எல்லாருக்கும் அப்படித்தான் தோணிச்சு. அங்கதான் என் பொழப்புல மண்ணு விழுந்துச்சு.

நீங்க வேலைக்குச் சேரப்போறவரு, அதனால ஒளிவு மறைவு இல்லாம சொல்லிப்போடுதேன். நான் ஒரு நாளும் ஆளுவள வேலைக்காரன்னு நெனச்சது கெடையாது. இங்க எல்லாரும் ஒரு குடும்பம். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணுமா, வா. பொண்டாட்டிக்குப் பிரசவமா, வா. ஒருத்தன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுபோவும், அவன் கேக்கதுக்கு முன்னாலயே சட்டைப் பையில வச்சு விட்டுருவேன். ஆனா மாசம் இவ்வளவுன்னு பேசு, வருசா வருசம் கூட்டு, வாரத்துக்கு ஒரு நாள் லீவு குடுன்னு ரூல்ஸ் பேசினா எனக்கு ஒப்பாது. பெத்த பிள்ளை வீட்டுல லீவு கேக்குமா? நீங்களே சொல்லுங்க.

சாப்பிடுங்க, கை நிக்கப்பிடாது.

நமக்கு மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். அதனால ஆளும் கம்மி. பேச்சிமுத்துன்னு ஒருத்தன், உங்கள மாதிரி சரக்கு மாஸ்டர். சொடலைமணி சப்ளையர். பொறவு இந்த முப்பிடாதி. மூணே பேரு. மூணு பேரும் சேந்தா என்ன செய்ய முடியும்னு நெனப்பிய. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

சொடலைமணியோட அம்மைக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வாராவாரம் தூக்கிட்டுப் போவணும். மொத வாரம் கேட்டான், போய்ட்டு வாடான்னேன். அடுத்த வாரம் கேட்டான், கல்லாவுலேருந்து ஆட்டோவுக்குன்னு எடுத்துக் குடுத்தும் அனுப்புனேன். அதுக்கு அடுத்த வாரம் வந்து நின்னுக்கிட்டு சொல்லுதான், அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டுப் போவ ஒரு மாதிரியா இருக்கு, எங்க மூணு பேருக்கும் வாரத்துல ஒரு நாள் லீவுன்னு மாத்தி மாத்தி வச்சுத் தந்துருங்கன்னு. எனக்குச் சுருக்குன்னுது. நான் போவ வேண்டாம்னா சொன்னேன்? கேளு, போ. கேக்கதுல என்னல கொறஞ்சு போச்சு? கேட்டுப் போறதுக்கும் தானா போறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

மூணு பேரும் பேசி வச்சுத்தான் வந்திருக்காவன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த மாதிரி நேரத்துல ஆள நிர்வாகம் பண்ணத் தெரியணும் மாஸ்டரே. சத்தம் போடப்பிடாது. ஒவ்வொருத்தரா தனியாக் கூப்புட்டுப் பேசணும். பேச்சிமுத்துவக் கூப்புட்டேன், நீ மாஸ்டரு, ஒனக்கு ஒரு தனி மரியாதை இருக்கு, இந்தக் கூட்டத்துல நீ எதுக்குச் சேருதன்னேன். முப்பிடாதியக் கூப்புட்டேன், நீ என் கூடப்பொறந்தவ மாதிரி, நீயே இப்படிச் செய்யலாமான்னேன். சொடலைகிட்ட, மத்த ரெண்டு பேருக்கும் இதுல இஷ்டமில்ல, நீதான் தூண்டி விடுதன்னு எனக்குத் தெரியும்னேன். மூணு பேரும் தலையாட்டிட்டுப் போனாவ. சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இவ்வளவு பக்குவமா வேற எவன் பேசுவான்? ஆனா அன்னைக்குச் சாயங்காலமே அந்தக் கொழாயடியில நின்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, நான் பேசுனதையெல்லாம் ஒண்ணா அடுக்கிப் பாத்துட்டாவ. அப்படியும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சித்திரை முகூர்த்தம் முடியட்டும் பாப்போம்னு நான் சொன்னேன், சரின்னாவ.

ரசம் ஊத்தட்டுமா? சாம்பாரே இன்னும் முடிக்கலையே. சரி சரி, ஒங்க இஷ்டம்.

நடந்தத அப்படியே சொல்லுதேன், ஒரு வார்த்தை கூட்டல கொறைக்கல. ஒரு நாள் கூட்டம் ஓஞ்ச பொறவு பின்னால அடுப்பாங்கரைப் பக்கம் மூணு பேரும் இலை போட்டு உக்காந்திருக்காவ. ஆளுவ திங்கும்போது நான் போயி நிப்பேன், அது என் பழக்கம். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, கொழம்பு வேணுமான்னு கேட்டு வெளம்புவேன். எந்த முதலாளி செய்வான்? அன்னைக்கும் நின்னேன். சொடலை வாய் நெறைய சோத்த வச்சுக்கிட்டு, அண்ணாச்சி, நாளைக்கு அம்மைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும், அந்த லீவு விசயம் என்னாச்சுன்னான். அன்னைக்குக் காலையில ஒரு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போயிருந்துச்சு, எனக்கு அந்த எரிச்சல் வேற. சொன்னேன்.

"என் சோத்தத் தின்னுக்கிட்டே எனக்குச் சட்டம் பேசுதியால?"

இவ்வளவுதான் மாஸ்டரே. கை நீட்டுனனா? அம்மை அப்பனச் சொல்லி ஏசுனனா? என் கடை, என் அரிசி, என் அடுப்பு, என் சோறு. உள்ளதத்தான் சொன்னேன்.

சொடலை குனிஞ்சு இலையப் பாத்தான். பொறவு பாதிச் சோறு இருக்கும்போதே இலைய மடிச்சான். எப்படி மடிச்சான்னு கேளுங்க. நம்ம பக்கம் சாப்பிட்டு முடிச்சா மேல் பாதிய நம்மளப் பாத்து மடிப்போம். சாவு வீட்டுலதான் அந்தப் பக்கமா மடிக்கது. உங்க ஊருலயும் அப்படித்தான்னு நெனக்கேன். அவன் அந்தப் பக்கமா மடிச்சான். என் கடையில, நான் உசுரோட முன்னால நிக்கையில. அவனப் பாத்து பேச்சிமுத்துவும் மடிச்சான், இவளும் மடிச்சா. இலை எடுக்கவ அவ, இலை எந்தப் பக்கம் மடிச்சா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாதா? நான் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னதுக்கு அவனுவ என்ன காரியம் செஞ்சுபோட்டானுவ பாத்தியளா?

மறுநாள் வர மாட்டானுவன்னு நெனச்சேன். சொடலை மட்டும் அவன் அம்மையக் கூட்டிட்டுப் போயிட்டான், மத்த ரெண்டு பேரும் வந்தாவ. அதுக்கு மறுநாள் அவனும் வந்தான். வேலையில ஒரு கொறை சொல்ல முடியாது. கொழம்பு நேரத்துக்கு எறங்குது, இலை நேரத்துக்கு எடுபடுது, சொடலை எப்பவும் போல சிரிச்ச முகத்தோட வெளம்புதான். சரி, மறந்துட்டானுவன்னு நானும் இருந்தேன். கூட்டம் ஓஞ்சுது. மூணு பேரும் கையக் கழுவிட்டு, ரோட்டத் தாண்டி எதுத்தாப்ல பக்கீர் கடைக்குப் போயி ஆளுக்கொரு தக்காளி சாதப் பொட்டலம் வாங்கி, பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் திண்டுல வரிசையா உக்காந்து தின்னாவ. அதுல பாருங்க, முதுகுல தவசி மெஸ்னு பெருசா எழுதுன பனியன் நான்தான் பயலுவ ரெண்டு பேருக்கும் அடிச்சுக் குடுத்திருந்தேன். அதப் போட்டுக்கிட்டு, முதுக ரோட்டப் பாத்து வச்சு உக்காந்திருக்கானுவ.

யோசிச்சுப் பாருங்க. கோசம் போட்டா போலீசுக்குப் போவலாம். வேலைய நிறுத்துனா வேற ஆளப் போடலாம். இவன் என் சோத்தத் திங்க மாட்டேங்கான், இதுக்கு நான் யார்கிட்டப் போயி மொறையிட?

மொத நாள் யாரும் கவனிக்கல. ரெண்டு மூணு நாள்ல ஒரு கண்டக்டர் சாப்பிட வந்தவரு, என்ன அண்ணாச்சி, ஆக்குதவனே உங்க கடையில திங்க மாட்டேங்கானேன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. சிரிச்சாரே தவிர, மறுநாள் அவரு வரல. ரேஷன் அரிசியப் போடுதான்னு ஒருத்தன், நேத்து மிஞ்சுன கொழம்ப இன்னைக்குச் சூடு பண்ணுதான்னு இன்னொருத்தன், பல்லி விழுந்த கதை வேற ஒருத்தன். அந்த மூணு பேரும் ஒரு வார்த்தை சொல்லல, அதையும் சொல்லணும். யாராவது போயி கேட்டா, கடையில எல்லாம் நல்லாத்தான் இருக்கும், நாங்க சும்மாதான் இங்க சாப்பிடுதோம்னு சொல்லியிருக்கானுவ. அப்படிச் சொன்னா எவன் நம்புவான்?

மொதல்ல எனக்குக் கோவம்தான். போங்கலே, ஒங்களுக்கு ஆக்குத அரிசி மிச்சம்னு ரெண்டு நாள் அளவக் கொறைச்சு உலை வைக்கச் சொன்னேன். அவனுவ கண்டுக்கிடவே இல்ல. பொறவு வேற வழியா வந்தேன். நல்ல சீலா மீன் எடுத்து, ஆளுக்கு ரெண்டு துண்டு பொரிக்கச் சொன்னேன், கடையில வாரவனுக்கே ஒரு துண்டுதான் வைப்போம். பேச்சிமுத்து பொரிச்சான், மசால் கருகாம அருமையாப் பொரிச்சு அடுக்கி வச்சுட்டு, கையக் கழுவிட்டு ரோட்டத் தாண்டிப் போயிட்டான். அத்தனையையும் பொட்டலம் கட்டி நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடைசியில கேட்டதைக் குடுத்துட்டேன் மாஸ்டரே. தலையெழுத்தேன்னு குடுத்துட்டேன். வாரத்துல ஒரு நாள் லீவு, மாத்தி மாத்தி எடுத்துக்கிடுங்க. சம்பளத்துலயும் கேக்காமலே கூட்டிப் போட்டேன். மூணு பேரும் வந்து சரி அண்ணாச்சின்னு மரியாதையாச் சொன்னாவ, சொடலை சந்தோசம் அண்ணாச்சின்னு கூடச் சொன்னான். அப்பாடான்னு அன்னைக்கு நானே மூணு இலையப் போட்டு வச்சேன். தண்ணி தெளிச்சு, உப்பு ஓரத்துல வச்சு, சோறு போட்டு வச்சிட்டு நிக்கேன். மூணு பேரும் எட்டிப் பாத்துட்டு ரோட்டத் தாண்டிட்டானுவ. கேட்டது கெடைச்சாச்சு, இன்னும் என்னத்துக்கு? நானும் அன்னைலேருந்து மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கேன், பிடிபடல.

ஓட்டல்காரங்க சங்கம்னு ஒண்ணு இருக்கு, அதோட செயலாளர்கிட்டப் போயி நின்னேன். மூணு பேரையும் தூக்கிருவோம்னு சொல்லுவாருன்னு பாத்தா அவரு என்னைய மேலயும் கீழயும் பாக்காரு. வேலைய ஒழுங்காச் செய்யுதானான்னாரு. செய்யுதான்னேன். வாடிக்கையாளர்கிட்ட மரியாதை உண்டான்னாரு. உண்டுன்னேன். பொறவு என்ன குத்தம்னு ஓய் எழுதுவீரு, பசிக்கல்லன்னா எழுதுவீருன்னு கேட்டாரு. அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சுப்போட்டாவ. நான் சிரிக்கல.

வீட்ல ராசக்கனிகிட்ட சொன்னேன், அவதான் என் சம்சாரம். அவ அரிசி பொடைச்சுக்கிட்டே கேட்டுட்டு, அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்னா. கூறுகெட்டவ. சம்பளம் கூட்டலாம், லீவு குடுக்கலாம், அதெல்லாம் என் கையிலேருந்து அவன் கைக்குப் போறது. நான் போயி தப்புன்னு நின்னா நாளைக்குக் கல்லாவுல உக்காந்து அவன ஏவ முடியுமா? நீங்களே சொல்லுங்க. அதுவும் நான் சொன்னதுல தப்பு எங்க இருக்கு?

சரி, இவகிட்டயாவது பேசிப் பாப்போம்னு ஒரு நாள் முப்பிடாதியத் தனியாப் பிடிச்சேன். பயலுவ எப்படியும் போறானுவ, நீ எதுக்கு வயித்தக் காயப் போடுத, நீ சாப்பிடு, யாருக்கும் தெரிய வேண்டாம், கதவச் சாத்திக்கிடலாம்னேன். அவ கையில வெளக்கிக்கிட்டு இருந்த அண்டாவக் கீழ வச்சா. அவ வேலைக்கு வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, என் முகத்தப் பாத்துப் பேசுனது அன்னைக்குத்தான் மொதத் தடவை.

"அண்ணாச்சி, நீங்க அதச் சொல்லும்போது அவன் வாயில சோறு இருந்துச்சு. முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம அவன் பட்டத நான் பாத்தேன். காலையிலேருந்து பாடுபட்டதுக்குத் திங்க சோறுன்னுதான் நான் இத்தனை காலமும் தின்னேன். அது உங்க சோறுன்னு தெரிஞ்ச பொறவு தொண்டையில எறங்க மாட்டேங்கு."

சொல்லிட்டு அண்டாவ எடுத்துட்டா. புருசன் செத்த வருசத்துலேருந்து என் சோத்தத் தின்ன பொம்பள மாஸ்டரே. பொம்பளைக்கு இவ்வளவு வீம்பு ஆவாது. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, சும்மா சொல்லல.

என்ன, சோறு அப்படியே இருக்கு? கதையக் கேட்டுக்கிட்டே கை நின்னுட்டுதா? சாப்பிடுங்க. உப்பு எப்படி இருக்குன்னு கேட்டேன், நீங்க சொல்லவே இல்லையே. சரி, மொதல்ல முழுங்குங்க.

இனிமேத்தான் உப்பு விசயம். நீங்க தொழில்காரர், உங்களுக்குப் புரியும். என் சோத்தத் திங்க மாட்டேன்னு இருந்த பேச்சிமுத்து, உப்பு பாப்பானா? உள்ளங்கையில ஒரு சொட்டு ஊத்தி நக்குனாலும் அது தின்னதுதானே? அவனும் அப்படித்தான் வச்சிருந்தான். வாசம் புடிச்சே காரம் சொல்லிருவான், கைநெதானத்துல புளி கரைச்சிருவான். உப்பு மட்டும் கரண்டியோட கல்லாவுக்குக் கொண்டுவந்து என் கையில ஊத்துவான். பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சிம்பான். நான் நக்கிப் பாத்துச் சொல்லுவேன். எனக்கு அது ஒரு வகையில பெருமையாக்கூட இருந்துச்சு, முதலாளி நாக்குல கடை ஓடுதுன்னு.

ஆனா என் நாக்கு பொகையில போட்டுப் போட்டு மரத்துப்போன நாக்கு. அது எனக்கே தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரல. இத்தனை வருசமும் உப்பு பாத்தது அவன் நாக்கு, நான் கல்லாவுல உக்காந்து காசுதான் வாங்குனேன். எனக்கு எதத் தின்னாலும் சப்புன்னுதான் இருக்கும், கொஞ்சம் போடுன்னுவேன். போடுவான். திரும்ப நக்குவேன், இன்னும் பத்தலம்பேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டான், போடுவான். கடைக்கு வாரவன் தண்ணி தண்ணின்னு கேட்டுக் குடிச்சான், வெயில் காலம்லான்னு நானும் இருந்துட்டேன்.

வைகாசியில ஒரு பால்காய்ப்பு ஆர்டர் வந்துச்சு. ராதாபுரம் ரோட்டுல ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர் புது வீடு கட்டியிருந்தாரு. கடை விழுந்து கெடக்க நேரத்துல அது ஒண்ணு நின்னா எல்லாம் நிமிந்துரும்னு நானும் ராசக்கனியும் கோயில்ல தேங்கா ஒடைச்சிட்டு வந்தோம். சாம்பாரு, புளிக்கொழம்பு, அவியல், கூட்டு. ஒவ்வொண்ணா என் கையில கொண்டுவந்து ஊத்துனான். பதட்டத்துல அன்னைக்கு எனக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல. எல்லாத்துக்கும் உப்பு பத்தல பத்தலன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். அவியலுக்கு மட்டும் அவன் உப்புச் சட்டியக் கீழ வச்சான். அண்ணாச்சி, நெசமாவே போடவான்னு ஒரு தடவை கேட்டான். போடுல, நீ எனக்குச் சொல்லித்தராதன்னேன். போட்டான்.

மொதல் பந்தியிலயே ஜனங்க இலைய விட்டு எந்திரிச்சிட்டாவ. பாயாசம் மட்டும் தின்னுட்டுப் போனாவ. தாசில்தார் ஒரு கிண்ணத்துல அவியல எடுத்துட்டு நேரா கடைக்கே வந்து கல்லாவுல வச்சு, இத நீரு ஒரு வாய் தின்னும் பாப்போம்னாரு. தின்னேன். எனக்கு அது கொஞ்சம் சப்புன்னுதான் இருந்துச்சு மாஸ்டரே. நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டேன். அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு, அத நான் சாவுத வரைக்கும் மறக்க மாட்டேன். கிண்ணத்த அங்கனயே வச்சிட்டுப் போயிட்டாரு.

எல்லா ஆத்திரத்தையும் பேச்சிமுத்து மேல கொட்டிட்டேன். என் மானத்த வாங்கிட்டியே, ஒரு சொட்டு நாக்குல வச்சிருந்தா ஒனக்கு என்னல கொறஞ்சுபோவும்னு கத்துனேன். அவன் துண்ட எடுத்து மொகத்தத் தொடைச்சான். அவனும் சோர்ந்துபோய்த்தான் இருந்தான்.

"அண்ணாச்சி, உங்க சோத்த நான் தொடல. நீங்க சரின்னு சொன்னிய, நான் எறக்கி வச்சேன்."

அந்தப் பனியனக் கழத்தி, மடிச்சு, கல்லா மேல வச்சான். போயிட்டான். மறுநாள் சொடலையும் வரல. ரெண்டு பேரும் சேந்து இப்ப கல்யாண வீடு, சடங்கு வீடுன்னு ஆக்கப் போறானுவ. போற வீட்டுலயெல்லாம் பந்தி முடிஞ்சதும் அங்கனயே இலை போட்டு உக்காந்து நல்லாச் சாப்பிடுதானுவன்னு காதுல விழுது. அதக் கேட்டாத்தான் வயிறு எரியுது. அன்னியன் சோறு எறங்குது, என் சோறு எறங்கல.

இந்த முப்பிடாதி மட்டும் வாரா. நீயும் போயிருக்கலாமேன்னு ஒரு நாள் கேட்டேன். வேலைக்குத்தானே வாரேன்னு சொல்லிட்டுப் பாத்திரத்த எடுத்துட்டுப் போயிட்டா. இப்ப ஆக்குதது நானும் ராசக்கனியும்தான். அவளை உப்பு பாக்கச் சொன்னா, உங்க சோறு, நீங்களே பாருங்கன்னுட்டு அடுப்ப ஊதுதா. கட்டுன பொண்டாட்டி. ஒவ்வொரு நாளும் எனக்கு உப்புச் சட்டியத் தொறக்கவே பயமா இருக்கு. போட்டா கூடிருமோ, போடாட்டி கொறஞ்சிருமோன்னு நின்னுக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு சாப்பிட வந்தது எத்தனை பேருன்னு கேக்காதீங்க. கட்டடச் சொந்தக்காரன் இந்த மாசத்தோட சாவியக் கேட்டிருக்கான், கடையில கூட்டம் வந்தா பேசலாம், இல்லன்னா காலி பண்ணுங்கன்னுட்டான். நீங்க இன்னைக்கு மாட்டேன்னு சொன்னா இந்தக் கடை இல்ல மாஸ்டரே, மறைக்காம சொல்லிட்டேன்.

அதனால கேளுங்க. சம்பளம் நீங்க சொல்லுததுதான். லீவு வாரத்துல ஒரு நாள், கேக்கவே வேண்டாம், போய்க்கிடுங்க. நான் திருந்திட்டேன்னு வச்சுக்கிடுங்க. எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். தெனமும் மத்தியானம் இங்கனதான் சாப்பிடணும். பின்னால இல்ல, இந்தா, வாசப்பக்கம் இந்த மேசையில, ரோட்டுல போறவன் பாக்க உக்காந்து வயிறு நெறைய திங்கணும். அத ஜனங்க பாத்தாப் போதும், மத்ததெல்லாம் தன்னால வரும். இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு பாருங்க. என் சோத்தத் தின்னாச்சு, இனிமே நீங்க நம்ம ஆளு.

மோரு ஊத்துதேன், கைய எடுங்க. மோரும் வேண்டாமா? சோறு பாதிக்கு மேல அப்படியே இருக்கே. வழியில எங்கயாவது சாப்பிட்டுட்டு வந்தியளோ? பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கிடலாம். கூச்சப்படாதீங்க.

என்ன மாஸ்டரே, எந்திரிக்கிய? இலைய நீங்க எடுக்க வேண்டாம், முப்பிடாதி எடுப்பா. ஏ முப்பிடாதி, இங்க வா. மடிச்சு மட்டும் விடுங்க, அது போதும்.

அந்தப் பக்கமா எதுக்கு மடிக்கிய?

மாஸ்டரே, உங்க ஊருல எப்படின்னு தெரியல. இங்க நம்மளப் பாத்து மடிக்கணும். சொன்னேன்லா, அந்தப் பக்கமா மடிச்சா... சரி. விடுங்க. முப்பிடாதி, நீ என்னைய எதுக்குப் பாக்க, இலைய எடு.

நாகர்கோயில் பஸ்ஸு அந்தா நிக்கு, அங்க எறங்கி மார்த்தாண்டத்துக்கு மாறிக்கிடுங்க. போயிட்டு வாங்க. அரிசி மண்டிக்காரர் கேட்டா நான் நல்லாத்தான் பேசுனேன்னு சொல்லுங்க. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, கோவப்பட இப்ப என்கிட்டத் தெம்பு இல்ல.

ஒண்ணே ஒண்ணு மாஸ்டரே. ஒரு வாயாவது வச்சியள்லா? உப்பு சரியா இருந்துச்சான்னு அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.